காத்திருப்போர் அருகே

காலை எட்டு மணிக்கு முன்பே அந்த வேப்பமரத்தடி நிறைந்துவிடுகிறது. பதிவுச் சீட்டு கொடுக்கும் சன்னல் எட்டரைக்குத்தான் திறக்கும். ஆயினும் தாம்பரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வருவோர் விடியலிலேயே புறப்பட்டு வந்துவிடுகின்றனர். பேருந்தில் நாயை ஏற்ற நடத்துநர் இசைவதில்லை. ஆட்டோ ஓட்டுநர்களில் பலர் பிராணியைக் கண்டதும் கூடுதலாகக் கேட்பார்கள், அல்லது நிறுத்தாமலே போய்விடுவார்கள். ஆகவே மருத்துவமனை வாயிலை அடையும்போதே வருகிறவர் பாதி களைத்திருப்பார். போர்வையில் சுற்றப்பட்ட நாய்க்குட்டி, மேலே துணி கட்டிய காய்கறிக் கூடைக்குள் பூனை, கயிற்றோடு நிற்கும் வெள்ளாடு, அட்டைப்பெட்டிக்குள் இறக்கை தொங்கிய புறா. மனிதர்களுக்கான மருத்துவமனையில் நோயாளி தன் வலியைத் தானே சொல்வான். இங்கு வலியுள்ளது வாய் திறவாது. வாய் திறக்கிறவருக்கு வலியில்லை என்றும் சொல்லிவிட முடியாது.

சென்னையின் பெரிய கால்நடை மருத்துவமனைகளுள் ஒன்றில், அந்த மரத்தடியில், வாரம் இருநாள் ஒரு பெண்மணி வந்து அமர்கிறார். அவர் மருத்துவர் அல்லர், ஊழியரும் அல்லர். தொலைபேசி நிலையத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர். இரு குரல்களை இணைத்துவிட்டு இடையிலிருந்து விலகிக்கொள்வதே அவருடைய தொழிலாக இருந்தது. ஒருவிதத்தில் இப்போதும் அதைத்தான் செய்கிறார். மருத்துவர் சொல்வதை வளர்ப்பவர் புரிந்துகொள்ளவும், வளர்ப்பவர் சொல்லத் தயங்குவதை மருத்துவர் அறிந்துகொள்ளவும் நடுவே நிற்கிறார். ஊதியம் இல்லை. கையில் ஒரு நீளமான குறிப்பேடும், அருகில் ஒரு தண்ணீர்க் குடமும், பழைய துண்டுகள் அடங்கிய பையும் மட்டுமே அவருடைய கருவிகள். நாய் வாந்தி எடுத்தால் துண்டு. அதன் உரிமையாளருக்குத் தலைசுற்றினால் தண்ணீர்.

வருகிறவரிடம் அவர் முதலில் கேட்பது நோயைப் பற்றி அன்று. 'பெயர் என்ன?' என்று கேட்கிறார். பிராணியின் பெயரைத்தான். ராஜா, மணி, லட்சுமி, புஜ்ஜி என்று ஏதேனும் ஒன்று வரும். அதனைக் குறிப்பேட்டில் எழுதுகிறார். அதற்கு நேரே கொண்டு வந்தவரின் பெயரையும் எழுதுகிறார். பிறகு எப்போதிலிருந்து உண்ணவில்லை, வாந்தி எத்தனை முறை, தடுப்பூசி எப்போது போடப்பட்டது, வீட்டில் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக் கொடுக்கிறார். உள்ளே சென்றதும் பதற்றத்தில் பாதி மறந்துபோகும் என்பதை அவர் அறிவார். கடைசிக் கேள்விதான் மிகவும் கடினமானது. பூனைக்குக் காய்ச்சல் என்று எண்ணி வீட்டிலிருந்த பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைக் கொடுத்துவிட்டு வருவோர் உண்டு. மனிதரின் உடல் எளிதில் கழித்துவிடும் அம்மருந்தைப் பூனையின் ஈரல் கழிக்க இயலாது. அது குருதியையே கெடுத்துவிடும். கொடுத்தவர் அன்பினால்தான் கொடுத்தார். திட்டு விழும் என்று அஞ்சி அதனை மறைத்தால் மருத்துவர் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார். ஆகையால் இந்தக் கேள்வியை மட்டும் அவர் தணிந்த குரலில், குறிப்பேட்டைப் பார்த்தபடியே கேட்கிறார். முகத்தைப் பார்த்துக் கேட்டால் உண்மை வருவதில்லை என்பது அவர் அனுபவத்தில் கண்டது.

தொண்டு என்றவுடன் நாய்க்குட்டியைத் தடவிக் கொடுப்பதும் பூனைக்குப் பால் வைப்பதுமே பலர் நினைவுக்கு வருகின்றன. விடுமுறை நாள்களில் ஆர்வத்தோடு வரும் கல்லூரி மாணவர்கள் சிலர் இரண்டாம் வாரம் வருவதில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இங்கே பிராணியைத் தொடும் வேளை மிகக் குறைவு. மனிதரோடு இருக்கும் வேளையே மிகுதி. அதுவும் அவர்கள் எவ்வகையிலும் இனிமையாக இல்லாத வேளை. முன்னால் நின்றவருக்குப் பின்னால் வந்தவர் எப்படி முதலில் போனார் என்று சண்டையிடுவார்கள். பரிசோதனைக்கு ஆகும் செலவைக் கேட்டு, அதற்குப் பொறுப்பே இல்லாத தொண்டர்மீது சீறுவார்கள். தம் பணப்பையைத் திறந்து கொடுத்துவிடலாமா என்ற எண்ணம் தொண்டர்க்கு அடிக்கடி எழும். அது கூடாது என்பது அங்குள்ள முதல் விதி. மருத்துவ அறிவுரை எதையும் தாமாகக் கூறக்கூடாது என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் விட்டால் எஞ்சுவது உடன் இருத்தல் ஒன்றுதான். அது எவ்வளவு கடினமான வேலை என்பதை அந்தப் பெண்மணி தம் மூன்றாம் மாதத்தில் கற்றார்.

அன்று ஒரு முதியவர் வந்திருந்தார். பதின்மூன்று வயது நாட்டுநாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதன் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்திருந்தன. வாயெல்லாம் புண்; நான்கு நாள்களாகத் தண்ணீரும் இறங்கவில்லை. இனி மருத்துவம் பயன் தராது என்றும், அதன் துன்பத்தை நீட்டாமல் முடித்துவிடுவதே நல்லது என்றும் மருத்துவர் விளக்கினார். வரிசையில் இன்னும் நாற்பது பேர் நின்றிருந்தனர். முதியவருக்குக் காது மந்தம். மருத்துவர் சொன்னதில் பாதி ஆங்கிலச் சொற்கள். முதியவர் எல்லாவற்றிற்கும் தலையசைத்தார். ஒப்புதல் படிவத்தைத் தந்து, வெளியே அமரவைத்துப் பொறுமையாக விளக்கிக் கையொப்பம் பெறும்படி பெண்மணியிடம் கூறப்பட்டது.

அவருக்கு அந்தச் சொல்லைச் சொல்ல வாய் வரவில்லை. தமிழில் அதற்கு வழங்கும் சொல் கருணைக்கொலை. அதில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. கேட்கிறவர் காதில் இரண்டாவது மட்டுமே விழும். பதின்மூன்று ஆண்டுகள் வளர்த்த ஒருவரிடம் கொலை என்னும் சொல்லை எப்படி உச்சரிப்பது? எனவே அவர் மென்மையான வழி ஒன்றைத் தேர்ந்தார். 'ஐயா, ஒரு ஊசி போடுவார்கள். போட்டால் அதனுடைய வலியெல்லாம் தீர்ந்துவிடும்' என்றார். முதியவரின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்தபோதே அவர் ஐயுற்றிருக்க வேண்டும். முதியவர் நடுங்கும் கையால் கையொப்பமிட்டார்.

அரைமணி நேரத்திற்குப் பின் முதியவர் தெருமுனைக் கடையிலிருந்து திரும்பி வந்தார். கையில் அரை லிட்டர் பால் பொட்டலம் இருந்தது. 'எப்போது எழுந்திருப்பான் அம்மா? எழுந்தவுடன் பசிக்குமே' என்று கேட்டார்.

நோய் தீர்க்கவும் ஊசி. உயிர் தீர்க்கவும் ஊசி. மருத்துவமனைக்குள் இருப்பவர்களுக்கு இரண்டாவது பொருள் பழகிப்போயிருந்தது. வெளியிலிருந்து வந்தவருக்கு முதற்பொருள் ஒன்றே தெரியும். இப்போது அவர் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் காது கேளாதவருக்கு உரத்த குரலில், நாற்பது பேர் திரும்பிப் பார்க்கும்படி. முதியவர் கோபிக்கவில்லை. நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கூறினார்: 'முதலிலேயே சொல்லியிருந்தால் நான் உள்ளே வந்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பேனே.'

அதன்பின் மூன்று வாரம் அந்தப் பெண்மணி மருத்துவமனைப் பக்கம் வரவில்லை. செய்த பிழை பொய் சொன்னது அன்று. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. முதியவரைக் காப்பதாக எண்ணித் தம்மைக் காத்துக்கொண்டதே பிழை. கடினமான சொல்லைச் சொல்லும் துன்பத்திலிருந்து அவர் தப்பித்தார். அதற்கு விலையாக முதியவர் தம் நாயோடு இருக்க வேண்டிய இறுதி நிமிடங்களை இழந்தார். இதை அவர் தமக்குள் ஒப்புக்கொள்வதற்கே மூன்று வாரம் ஆயிற்று.

திரும்பி வந்தபின் அவருடைய பேச்சு மாறியது. இப்போது அவர் 'இறந்துவிடும்' என்று சொல்கிறார். 'முதலில் மயக்கம் வரும். அதற்குப் பிறகு கொடுக்கும் மருந்தில் உயிர் பிரிந்துவிடும். மறுபடி எழுந்திராது' என்று சொல்கிறார். சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறார். அந்த மௌனத்தை நிரப்பும் ஆசை மிகப் பெரியது. ஆறுதல் மொழிகள் நாவின் நுனிக்கு வந்து நிற்கும். அவற்றை விழுங்கிக்கொள்கிறார். கேட்டவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, புரிந்ததை அவர் வாயாலேயே சொல்லச் செய்கிறார். பிறகு, 'நீங்கள் உடன் இருக்க விரும்புகிறீர்களா?' என்று கேட்கிறார். சிலர் இருக்கிறார்கள். சிலரால் முடிவதில்லை. முடியாதவர்களுக்காக அவரே உள்ளே சென்று, குறிப்பேட்டில் எழுதிய பெயரைச் சொல்லி அழைத்து, தலையைப் பிடித்துக்கொள்கிறார்.

முடிவெடுக்க இயலாமல் தவிப்போரும் பலர். இன்றைக்கு வாலை ஆட்டியதே, நேற்று ஒரு வாய் சோறு தின்றதே என்று நாளைத் தள்ளிக்கொண்டே போவார்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் இத்தகையோருக்காக ஓர் அளவுகோலை வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம் ஆகியவற்றோடு, துன்பமான நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுந்துள்ளனவா என்பதையும் சேர்த்து ஏழு கூறுகளுக்கு மதிப்பெண் இடுவது அதன் முறை. வளர்ப்பவரும் மருத்துவரும் கலந்து பேசுவதற்கு உரிய கருவி அது. வேப்பமரத்தடிக்கு வருகிறவர்களில் பலருக்கு மதிப்பெண் என்றாலே அச்சம். ஆகவே ஏழாவது கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டு நாள்காட்டியில் நல்ல நாளுக்கு ஒரு வட்டமும் கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறியும் இட்டு வரச் சொல்கிறார் அவர். இரண்டு வாரம் கழித்து அந்தத் தாளைக் கொண்டு வந்து காட்டும் பலர், எதுவும் கேட்பதற்கு முன்னரே தாமே விடையைச் சொல்லிவிடுகின்றனர்.

எல்லா நாள்களும் இப்படியே கழிவதில்லை. தடுப்பூசிக்கு வந்த நாய்க்குட்டிகள் மரத்தடியை இரண்டாக்கிவிடும் நாள்களும் உண்டு. ஆட்டைத் தூக்கிக்கொண்டு பங்கு ஆட்டோவில் வந்த ஒரு பாட்டி, இது செல்லப்பிராணியா, பிழைப்புக்கு வளர்ப்பதா என்று ஒருவர் கேட்டபோது, 'இது இருந்தால் நான் இருப்பேன்' என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டார். செல்லம் வேறு, பிழைப்பு வேறு என்னும் பாகுபாடு நகரத்து மாடிவீட்டில் செல்லுபடியாகலாம். மாட்டுக்காரரிடமும் ஆட்டுக்காரரிடமும் செல்லாது. 1903ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையில், 2019ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ ஞெகிழிக் கழிவை அறுவை மருத்துவம் செய்து அகற்றினர். செய்தித்தாள்கள் எடையை எழுதின. அத்தனை மணி நேரம் அறைக்கு வெளியே காத்திருந்தவருக்கு எவ்வாறு இருந்திருக்கும் என்பது எடையில் அடங்குவதன்று.

மற்றொரு நாள் நடந்தது வேறு வகையானது. ஓர் இளைஞர் தம் நாயின் தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது என்று கூறி வந்தார். நாயின் கீழ்த்தாடை தொங்கியிருந்தது; எச்சில் கயிறுபோல் வழிந்தது; குரல் கம்மி, குரைப்பு ஊளையைப்போல் மாறியிருந்தது. 'நானே கையை விட்டுப் பார்த்தேன். எதுவும் தட்டுப்படவில்லை' என்றார். பெண்மணி உடனே எழுந்து ஊழியர்களை அழைத்தார். வெறிநோய் கண்ட நாய்க்குத் தொண்டைத் தசைகள் செயலிழப்பதை எலும்பு சிக்கியதாக எண்ணிப் பலர் ஏமாந்துபோவதுண்டு என்பதை அவருக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நாய் தனி அறைக்குக் கொண்டு செல்லப்பட்டது. இளைஞரைக் குழாயடிக்கு அழைத்துச் சென்று, ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கைகளைக் கழுவச் செய்தனர். மருத்துவரின் அறிவுறுத்தலின்படி, கடந்த சில நாள்களில் நாயைத் தொட்டவர் யார் யார் என்று பட்டியல் எடுக்கும் பணி பெண்மணியிடம் வந்தது. முதலில் நான்கு பெயர்கள் வந்தன. அடுத்த வீட்டுச் சிறுமி தினமும் பிசுக்கட்டு ஊட்டுவாள் என்பது அரைமணி கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. அவளுடைய பெற்றோர் என்ன சொல்வார்களோ என்று தயங்கிய இளைஞரின் கையில் கைப்பேசியைக் கொடுத்து, அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அறிகுறி தோன்றிவிட்டால் அந்நோயிலிருந்து மீள்வது ஏறத்தாழ இயலாதது. தோன்றும் முன் தடுப்பூசி போட்டுக்கொண்டால் உயிரைக் காக்கலாம். பட்டியல் பதினொன்றில் முடிந்தது. பதினொருவரும் அன்று மாலைக்குள் தடுப்பூசிக்குச் சென்றனர்.

எல்லாம் முடிந்தபின் இளைஞர் சுவரோரம் அமர்ந்து அழுதார். அன்று காலை முதல் எல்லாரும் அவரிடம் கடித்ததா, நக்கியதா, யாரைத் தொட்டது என்றே கேட்டனர். நாய் இறந்தது குறித்து ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. பேசியவர்களும் தப்பித்தாயே என்றுதான் பேசினர். மூன்று ஆண்டுகள் ஓர் அறையில் தன்னோடு உறங்கிய உயிர் அது. அதற்காக அழுவதற்கும் அன்றைக்கு அவருக்கு உரிமை இல்லாமற்போயிற்று.

இத்தகைய துயரத்திற்கு ஒரு பெயர் உண்டு. அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், சமூகம் ஏற்றுக்கொள்ளாத துயரம் ஒன்று உண்டென விளக்கினார். இழந்தவர் இழந்திருக்கிறார், ஆனால் அதனை இழப்பென்று யாரும் எண்ணுவதில்லை. விடுப்புக் கிடையாது; துக்கம் கேட்க யாரும் வருவதில்லை; நாய்க்குப் போயா இப்படி என்ற கேள்வி மட்டும் வரும். அதே 1989இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியில், பிராணியை இழந்தோர் அழைத்துப் பேசுவதற்கென ஒரு தொலைபேசி இணைப்பு தொடங்கப்பட்டது. எடுத்துப் பேசியவர்கள் அங்குப் பயின்ற தொண்டர் மாணவர்கள். மருத்துவம் படிப்பவர்கள் மருத்துவம் முடிந்தபின் எஞ்சுவதைக் கேட்டுப் பழகினார்கள். தொலைபேசி நிலையத்தில் வாழ்நாளைக் கழித்த பெண்மணிக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

இவையெல்லாம் மேனாட்டார் வழக்கம், வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. அவர்கள் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைக் கண்டிருக்கமாட்டார்கள். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது அது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் பூசலில் இறந்தான். அவனுடைய நாய் கள்ளரைக் கடித்து, அவன் அருகிலேயே காவல் நின்றது. ஊரார் வீரனுக்குக் கல் நட்டபோது நாயையும் அவனுக்குப் பக்கத்தில் செதுக்கினர். அதன் பெயர் கோவிவன் என்பதையும் பொறித்தனர். பெயர் தெரியாமலே மறைந்துபோன மாந்தர் எத்தனையோ கோடி. அந்த நாயின் பெயர் பதின்மூன்று நூற்றாண்டுகளாகக் கல்லில் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சேவற்சண்டையில் வீழ்ந்த ஒரு கோழிக்கு எடுத்த கல்லும் உண்டு. உளி பிடித்தவனிடம் யாரும் கோழிக்குப் போயா இப்படி என்று கேட்டிருக்கமாட்டார்கள்.

அடுக்ககங்களில் வாழ்வோருக்குக் கல் நடுவது இருக்கட்டும், புதைப்பதற்கும் மண் இல்லை. உடலை என்ன செய்வது, எங்கே ஒப்படைப்பது என்று தெரியாமல் விழிப்பார்கள். அந்த வழிகளைக் கேட்டறிந்து எழுதி வைத்திருப்பதும் பெண்மணியின் வேலைகளுள் ஒன்று. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர் இன்னொன்றையும் சொல்வார். ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்று குழந்தையிடம் சொல்ல வேண்டாம். அது நெடுநாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதைச் சொல்லும்போது அவருக்குப் பால் பொட்டலத்தோடு நின்ற முதியவர் நினைவு வருவதுண்டு. அந்த முதியவர் பிறகு ஒருமுறைகூட வரவில்லை. அவருடைய பெயரும் நாயின் பெயரும் பழைய குறிப்பேட்டின் மூன்றாம் மாதப் பக்கத்தில் இருக்கின்றன. அந்தக் குறிப்பேடு நிறைந்து, இப்போது ஐந்தாவது நடக்கிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை மழை பெய்தது. மரத்தடியில் அமர முடியாமல் எல்லாரும் தாழ்வாரத்தில் நெருங்கி நின்றனர். பள்ளிச் சீருடையோடு ஒரு சிறுவன், வாய் கட்டிய கோணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி தனியே வந்திருந்தான். பைக்குள்ளிருந்து ஒரு கோழி கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. பெண்மணி அவனைச் சாரல் படாத பக்கமாக நகர்த்தி நிறுத்தினார். துண்டை எடுத்து முதலில் அவன் தலையைத் துவட்டினார். பிறகு குறிப்பேட்டைத் திறந்தார்.

'பெயர் என்ன தம்பி?'

தன் பெயரைக் கேட்கிறாரா, கோழியின் பெயரையா என்று தெரியாமல் சிறுவன் விழித்தான்.

'இரண்டையும் சொல்' என்றார் அவர்.